பாதிப் பாட்டை எடுத்துக்கொண்டு போன மகனுக்கு

ரெமி,

பயணம் எப்படி இருந்தது, சித்தி வீட்டில் தூங்க வசதியா, கலிபோர்னியாவில் இருக்கிற அந்த டப்ளினில் வெயிலா குளிரா என்றெல்லாம் கேட்டுத்தான் ஒரு தாய் கடிதத்தைத் தொடங்க வேண்டும். எனக்கு அதற்குப் பொறுமை இல்லை. வெள்ளிக்கிழமை நீ ஓக்லாந்தில் அந்த ரெக்கார்டு கம்பெனிக்காரன் முன்னால் மைக்கைப் பிடிக்கப் போகிறாய். அதற்குள் இது உன் கைக்கு வந்து சேர வேண்டும். நீ சனிக்கிழமை கிளம்பிப் போனதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போகிறேன், துணியைப் பாதியில் விட்டுவிட்டு ஜன்னலுக்குப் போகிறேன், பால் பொங்கி வழிகிறது. இப்போது ஆஸ்பத்திரி கேன்டீனில் உட்கார்ந்து, பிரேக் முடிவதற்குள் முடிந்த மட்டும் எழுதுகிறேன். எதிரே உட்கார்ந்திருக்கும் பிலிப்பினோ நர்ஸ், யாருக்கு இவ்வளவு வேகமாக எழுதுகிறாய் என்று கேட்டாள். மகனுக்கு என்றேன். திட்டியா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பேசாமல் தன் சாண்ட்விச்சைச் சாப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

நீ இதை மெதுவாகப் படி. உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஜெபப் புத்தகத்தை வைத்து நான் சொல்லிக் கொடுத்த எழுத்துதானே. இங்கிலீஷில் எழுதினால் நீ உன் ராப் பாட்டு வேகத்தில் ஓடிவிடுவாய், ஓர் இடத்திலும் நிற்கமாட்டாய். தமிழில் என்றால் வரிக்கு வரி தடுக்கி நின்றுதான் ஆக வேண்டும். புரியாத இடத்தில் சித்தியிடம் போய்க் கேட்காதே. அவளுக்குத் தெரிந்தால் கலிபோர்னியா முழுக்கத் தெரிந்த மாதிரி.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். நேற்று சொல்ல ஆரம்பித்தேன். "அம்மா, இட்ஸ் பிசினஸ், யூ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட்" என்றாய். ஒரு வார்டையே நடத்துகிறவள் நான். எனக்குப் புரியாத பிசினஸ் என்ன பிசினஸ்? விஷயம் இவ்வளவுதான். நீயும் மார்கஸும் சேர்ந்து கட்டிய பாட்டை நீ தனியாகப் பாடி ரெக்கார்டு போடப் போகிறாய். மார்கஸுக்கு இது தெரியாது. சித்தியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவனிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். அவனும் நம்பிக்கொண்டு இருக்கிறான். இதில் எனக்குப் புரியாதது எது என்று சொல், கேட்டுக்கொள்கிறேன்.

ஹூஸ்டனை நினைத்துப் பார். எண்ணெய்க் கம்பெனிகள் வரிசையாக ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். அப்பா குழாய் டிசைன் பண்ணுகிற இன்ஜினியர். ஒரு மத்தியானம், தன் ஸ்கேலையும் காபி கப்பையும் ஓர் அட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து நின்றார். உனக்குப் பதினாலு வயது. ஸ்கூலில் உன்னோடு உட்கார்ந்து சாப்பிட ஒருவர்கூட இல்லை என்பது எனக்கு உன் டீச்சர் கூப்பிட்டுச் சொல்லித்தான் தெரியும். கையில் கொடுத்துவிட்ட சப்பாத்தியை நீ பாத்ரூமில் நின்று சாப்பிட்டிருக்கிறாய். வீட்டிலும் வாயைத் திறப்பது குறைந்துகொண்டே வந்தது. எது கேட்டாலும் தோளைத்தான் குலுக்குவாய். அந்த ஊர் ஈரக் காற்றில் மூச்சு வேறு இழுக்கும். அப்பா ஒரு மூலையில் பேசாமல், நீ ஒரு மூலையில் பேசாமல். நடுவில் நான் மட்டும் ரேடியோ மாதிரி பேசிக்கொண்டிருந்தேன். எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

அப்போதுதான் உன்னை ஜெபமாலையில் முன்பாதி சொல்ல வைத்தேன். "அருள் நிறைந்த மரியே" என்று ஒருவர் முன்பாதியைச் சொல்ல வேண்டும், "புனித மரியே" என்று மற்றவர்கள் பின்பாதியைச் சொல்லி முடிக்க வேண்டும். இப்படி ஜெபமாலையின் மணிக்கு மணி மாறி மாறிப் போகும். முன்பாதி சொல்கிறவன் வாயைத் திறந்தே ஆக வேண்டும், தோளைக் குலுக்கித் தப்பிக்க முடியாது. அதுதான் என் தந்திரம். பக்தி என்று நினைத்துக்கொள்ளாதே. ஆனால் நீ என்னைவிடத் தந்திரக்காரன். ஏழரை மணிக்கு ரேடியோவில் உனக்குப் பிடித்த நிகழ்ச்சி இருந்தது. அதற்குள் ஜெபமாலையை முடிக்க வேண்டும் என்று முன்பாதியை ஒரே மூச்சில், ஒரு சொல்லையும் முழுங்காமல், மடமடவென்று சொல்லித் தள்ளினாய். அப்பா ஒரு கண்ணை மட்டும் திறந்து, "ஏல, மாதா என்ன பஸ்ஸப் பிடிக்கவா போறா? மெதுவாச் சொல்லுல" என்றார். வேலை போன பிறகு அந்த வீட்டில் முதல் தடவையாக நாம் மூன்று பேரும் சிரித்தது அன்றைக்குத்தான்.

நான் நர்ஸ். சொற்களைவிட உன் நெஞ்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ முன்பாதியை முடித்ததும், நாங்கள் பின்பாதியைச் சொல்கிற அந்த நேரத்துக்குள் மூச்சை முழுக்க உள்ளே இழுத்து நிரப்பிக்கொள்வாய். எங்கள் "ஆமென்" விழுந்ததும் அடுத்ததைத் தொடங்குவாய். டாக்டர் கொடுத்த மருந்தைவிட அது உனக்கு நன்றாக வேலை செய்தது. இப்போது மேடையில் நீ அப்படிப் பாடும்போது, எங்கே இவன் மூச்சு விடக் கற்றுக்கொண்டான் என்று ஆட்கள் கேட்கிறார்கள். நம் ஊர்க்காரர்களில் சிலர், சின்ன வயதில் மிருதங்கம் கற்றுக்கொண்டிருப்பான் என்று அவர்களே முடிவு கட்டிக்கொள்கிறார்கள். நீ மிருதங்க வகுப்பிலிருந்து ஓடி வந்தவன் என்பது எனக்கும் அந்த வாத்தியாருக்கும் மட்டும்தான் தெரியும்.

பிரேக் முடிந்தது. மீதி வீட்டில்.

வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்பா வெளியே காரின் முன்பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார். காருக்கு ஒன்றும் ஆகவில்லை. சனிக்கிழமையிலிருந்து அவருக்கு அதுதான் வேலை. நான் எங்கே விட்டேன்? இந்த எடிசன் ஊருக்கு வந்த கதை. இங்கே ஒரு கெமிக்கல் கம்பெனியில் அப்பாவுக்கு வேலை கிடைத்து வந்தோம். மார்கஸ் இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தான். அவன் முதல் தடவை வந்தது உனக்கு நன்றாக நினைவிருக்கும், ஏனென்றால் நீ அதை மறக்கவிடுவதே இல்லை. தோளில் ஒரு பெரிய ரேடியோவோடு கறுப்பினப் பையன் ஒருவன் கதவைத் தட்டினான். எனக்கு இந்த ஊர் ஆண்ட்டிமார் சொல்லி வைத்திருந்த புத்திமதியெல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தது. கதவுச் சங்கிலியை எடுக்காமலே, "ஹி இஸ் ஸ்டடியிங்" என்றேன். நீ மாடியிலிருந்து இறங்கி வந்து, என்னைத் தாண்டிக் கையை நீட்டிச் சங்கிலியை எடுத்தாய். அந்தச் சங்கிலியை இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாய். தாராளமாகச் சொல்லிக்காட்டு, எனக்கு வேண்டியதுதான். அவன் மட்டும் ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டியதில்லை.

ஏழு மணிக்கு ஜெபமாலை என்றால் வந்த பையன் தானாகப் போய்விடுவான் என்று நினைத்தேன். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பிரிட்ஜ் பக்கத்தில் நின்றுகொண்டான். அவன் அம்மா அவர்கள் சர்ச்சில் பாடகர் குழுவில் இருக்கிறவள். ஜெபம் நடக்கிற இடத்தில் நடந்து போகக்கூடாது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. மறுநாளும் நின்றான். ஜெபம் முடிந்ததும் சாப்பிட்டான். மீன் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு ஒரு ஜக் தண்ணீர் குடித்தான். மறுநாள் மறுபடியும் மீன் குழம்பு கேட்டான். கொஞ்ச நாளில் என் குரலுக்கும் அப்பாவின் குரலுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு குரல் கேட்டது. "புனித மரியே" என்று தொடங்கி "ஆமென்" வரைக்கும், சுத்தமாக. ஒரு சொல்லுக்கும் அவனுக்கு அர்த்தம் தெரியாது. நீ விட்ட இடத்தில் பிடிக்க வேண்டும், நீ மறுபடி தொடங்குகிற இடத்தில் விட வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

தூத்துக்குடியில் இருக்கும் பெரியம்மாவுக்கு நான் கடிதத்துக்குப் பதில் கேசட்தான் அனுப்புவேன் என்பது உனக்குத் தெரியும். சமையல் செய்துகொண்டே டேப் ரெக்கார்டரில் பேசுவேன்; நம் ஜெபமாலையும் அதில் சேர்ந்தே பதிவாகும், அதைக் கேட்டு அவளும் அங்கே சொல்லுவாள். அந்த வருடம் அவளிடமிருந்து வந்த பதில் கேசட்டில் முதல் பேச்சே இதுதான்: "யாருட்டீ அது புதுக் குரலு? நம்ம ஊருப் பயலா? உம்மவன் ஓடுத ஓட்டத்துக்கு அவன் ஒருத்தன்தான் ஈடு குடுக்கான்." மார்கஸுக்கு அதை நான் மொழிபெயர்த்துச் சொன்னபோது அவன் முகம் போன போக்கைப் பார்த்திருக்கிறாயே. அதற்குப் பிறகு நம் ஜெபமாலைக்கு அவன் ஒரு நாளும் பிந்தி வந்ததில்லை.

பேஸ்மென்டில் நீங்கள் இரண்டு பேரும் செய்ததை நான் மேலே அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பழைய டிரம் மெஷின் ஒன்று, இரண்டு கேசட் போடுகிற டெக் ஒன்று, அவ்வளவுதான் உங்கள் ஸ்டூடியோ. நீ எழுதுவாய், அவன் அதற்குப் பதில் எழுதுவான். நீ ஹூஸ்டன் ஸ்கூலில் தனியாகச் சாப்பிட்டதை எழுதினாய். முதல் தடவை அதைக் கேட்டபோது கையில் கரண்டியோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பாட்டில் நீ கோபமாகக் கேட்டுக்கொண்டே போவாய். அவன் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் சொல்லுவான், கிண்டலாக, அந்த ஸ்கூல் சாப்பாட்டு மேசையில் உனக்கு எதிரே வந்து உட்கார்ந்துகொள்கிறவன் மாதிரி. அவன் பதில் இல்லை என்றால் அது வெறும் அழுகைப் பாட்டு. ஸ்கேட்டிங் அரங்கில் நீங்கள் பாடியபோது பையன்கள் அந்தப் பாட்டுக்குத்தான் கத்தினார்கள். நம் தமிழ்க் கிறிஸ்துமஸ் விழாவில் சர்ச் ஹாலில் நீங்கள் அதைப் பாடியபோது, முன்வரிசையில் இருந்த ஓர் அங்கிள் அப்பாவிடம் சாய்ந்து, "என்னவே, பாட்டா இது? நம்ம ஊர்ல மீன் ஏலம் விடுத மாதிரில்லா இருக்கு" என்றார். அப்பாவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. நான் எழுந்து நின்று கை தட்டினேன். ஏலம் விடுகிறவனுக்கும் எதிரே கேட்கிறவன் இருந்தால்தானே ஏலம்.

அந்தக் கேசட் கை மாறிக் கை மாறி, காலேஜ் ரேடியோவில் ஒலித்து, மார்கஸின் பெரியம்மா மகன் கையில் ஓக்லாந்துக்குப் போயிற்று. அவன் அங்கே துறைமுகத்தில் வேலை பார்க்கிறவன். அவன்தான் அந்தச் சின்ன ரெக்கார்டு கம்பெனியின் வாசலில் போய் அதைக் கொடுத்தான். மார்கஸ் வீட்டு ஆள், ரெமி. நம் வீட்டு ஆள் இல்லை. கேசட்டின் மேல் நம் வீட்டு போன் நம்பர் இருந்தது, ஏனென்றால் அவன் வீட்டில் அவன் அம்மா நைட் டியூட்டி முடிந்து பகலில் தூங்குகிறவள். கம்பெனிக்காரன் நம் வீட்டுக்குப் போன் பண்ணினதற்கு அது ஒன்றுதான் காரணம்.

அந்தப் போன் வந்த அன்று அப்பா பேசினதைப் பற்றி உன்னிடம் நான் வாயே திறக்கவில்லை. நான் இப்போது திறக்கிறேன். போனை எடுத்தது அப்பா. அந்த மனிதர் நல்ல முறையில்தான் கேட்டார்: பாட்டெல்லாம் எழுதுவது யார், கூடப் பாடுகிற அந்த இன்னொரு குரல் யார் என்று. அப்பா நிமிர்ந்து நின்றார், சட்டைக் காலரைக்கூடச் சரி பண்ணிக்கொண்டார். "எவ்ரிதிங் மை சன் டஸ் பை ஹிம்செல்ஃப், சார். ஃப்ரம் சைல்ட்ஹுட். நோ ஹெல்ப் ஃப்ரம் எனிபடி. தட் வாய்ஸ் இஸ் ஜஸ்ட் எ ஃப்ரெண்ட்" என்றார். பெண் வீட்டார் மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்தால் நம் ஆட்கள் எப்படிப் பேசுவார்களோ, அதே பேச்சு. பையன் தங்கம், கையை ஊன்றித் தானே எழுந்தவன், யார் தயவும் இல்லை. நீ பக்கத்தில் மாடிப் படியில் உட்கார்ந்திருந்தாய். எல்லாம் உன் காதில் விழுந்தது. வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தாய்?

போனை வைத்த பிறகு நான் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். "என்னத்தச் சொல்லி வச்சிருக்கீய? அந்தப் பய பேர ஒரு வார்த்த சொன்னா உங்க நாக்கு என்ன தேஞ்சா போவும்?"

"நீ சும்மா கெட" என்றார். "இன்டர்வியூல இன்னொருத்தன் பேரச் சொன்னா வேல அவனுக்குப் போயிரும். ஒனக்கென்ன தெரியும்."

இதை நீ அப்பாவை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். ஹூஸ்டனில் வேலை போன பிறகு அவர் எத்தனையோ இன்டர்வியூவுக்குப் போனார். எதைக் கேட்டாலும் எங்கள் குழு செய்தது, என் சூப்பர்வைசர் வழிகாட்டினார் என்றுதான் பதில் சொல்வார். நம் ஊரில் அதுதான் மரியாதை. இங்கே அதைக் கேட்டவர்கள், அப்படியானால் நீ என்ன செய்தாய் என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். கடைசியில் ஒருநாள் கண்ணாடி முன்னால் நின்று, நான் தனியாகச் செய்தேன், நான் தனியாகச் செய்தேன் என்று சொல்லிப் பழகினார். நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். அப்படிச் சொல்லித்தான் இந்த எடிசன் வேலை கிடைத்தது, இந்த வீடு, உன் காலேஜ் எல்லாம். அவருக்கு இந்த நாட்டில் பலித்த ஒரே மந்திரம் அது. அதைத்தான் உனக்காகவும் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் உண்டு, ஆனால் அது கொஞ்ச நேரக் கோபம். உன் மேல்தான் ஆறவில்லை. மார்கஸ் யாரென்று அப்பாவுக்குத் தெரிந்ததைவிட உனக்கு நன்றாகத் தெரியும். ஒரு வார்த்தை, "வி ஆர் டூ பீப்பிள்" என்று அந்தப் போனைப் பிடுங்கிச் சொல்ல உனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

ஆசையை நானும் மறைக்கவில்லை. ரெக்கார்டு உறையில் உன் முகம் மட்டும் இருந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நாள் பூராவும் நினைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. தூத்துக்குடிக்கு அனுப்ப வேண்டும், அந்த ஏல அங்கிள் வீட்டுக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் நினைத்தேன். அப்புறம் டியூட்டிக்குப் போனேன். பெரிய உடம்புக்கார நோயாளி ஒருவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டியிருந்தது. அதற்குப் படுக்கையின் இரண்டு பக்கமும் இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி எண்ண வேண்டும், இரண்டு பேரும் சேர்ந்து விரிப்பை இழுக்க வேண்டும். எங்கள் வார்டில் முன்பு ஒருத்தி இருந்தாள், யாரையும் கூப்பிடமாட்டாள், தனியாகவே புரட்டிவிடுவாள். சூப்பர்வைசருக்கு அவளைப் பார்த்தால் அவ்வளவு சந்தோஷம், எங்களுக்கெல்லாம் அவளை உதாரணம் காட்டுவாள். இப்போது அவள் முதுகுக்கு பெல்ட் போட்டுக்கொண்டு வீட்டில் இருக்கிறாள். தனியாக முடியும் என்பது முதலில் உண்மையாகத்தான் இருக்கும், ரெமி. உடம்பு பிறகுதான் சொல்லும்.

இப்போது ஜெபமாலை நேரம். நீ போனதிலிருந்து அப்பாதான் முன்பாதி. வந்து எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை. நேற்று வந்து எழுத முடியவில்லை. என்ன நடந்தது என்று சொல்கிறேன், நின்று நிதானமாகப் படி.

வழக்கம்போல் பெரியம்மாவுக்கான கேசட்டைப் போட்டு, டேப் ரெக்கார்டரை பிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, மெழுகுதிரியைக் கொளுத்தினேன். வாசல் மணி அடித்தது. மார்கஸ். நீ ஊரில் இல்லை என்றாலும் அவன் நேரத்துக்கு வந்துவிட்டான். "ஆண்ட்டி, ஆம் ஐ லேட்?" என்று கேட்டுவிட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு தன் இடத்தில் போய் நின்றான். அப்பா ஜெபமாலையைக் கையில் எடுத்தார். முதல் மணியைப் பிடித்தார். மார்கஸைப் பார்த்தார். குரல் வரவில்லை. தொண்டையைச் செருமினார். மறுபடியும் வரவில்லை. எனக்கும் அந்த நேரம் பார்த்து வாய் ஒட்டிக்கொண்டது. நீ சொல்ல வேண்டிய இடம் அப்படியே காலியாக நின்றது. மார்கஸ் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். என்ன நினைத்தானோ தெரியாது, நாங்கள் மனதுக்குள் சொல்லுகிறோம் என்று நினைத்திருக்கலாம். முன்பாதி எவ்வளவு நேரம் போகுமோ அவ்வளவு நேரம் பொறுத்திருந்தான். உன் வேகத்தில்தான், ரெமி, அப்பாவின் வேகத்தில் இல்லை. பிறகு "புனித மரியே" என்று தன் பாதியைத் தொடங்கி "ஆமென்" வரை சொன்னான். நிறுத்தினான். மறுபடியும் அதே நேரம் காத்திருந்தான். மறுபடியும் சொன்னான். ஜெபமாலையின் முதல் பத்து மணியும் இப்படியே போயிற்று. அப்பா பத்தாவது மணியில் ஜெபமாலையை மேசை மேல் வைத்துவிட்டு வெளியே காருக்குப் போய்விட்டார்.

மார்கஸ் கண்ணைத் திறந்து, "இஸ் அங்கிள் ஓகே?" என்று கேட்டான். அதற்குமேல் என்னால் மென்று முழுங்க முடியவில்லை. உட்காரச் சொன்னேன். எல்லாம் சொன்னேன். போன், அப்பா பேசினது, நீ படியில் உட்கார்ந்திருந்தது, ஓக்லாந்து, வெள்ளிக்கிழமை. அவன் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே கேட்டான். அப்பா காலரைச் சரி பண்ணின கதையைச் சொன்னபோது, அந்த இடத்திலும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. என்னைத் திட்டுவான், உன்னைத் திட்டுவான், எழுந்து போய்விடுவான், ஓக்லாந்தில் இருக்கிற தன் பெரியம்மா மகனுக்குப் போன் போடுவான் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். அவன் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"தென் வேர் இஸ் ஹி கோயிங் டு பிரீத், ஆண்ட்டி?"

அப்படியானால் அவன் எங்கே மூச்சு விடுவான் என்று கேட்டான். சாப்பாட்டு மேசைப் பாட்டில் இரண்டாவது பகுதியில் உனக்கு நிற்கவே இடம் இல்லையாம். தன் பதில் வருகிற இடத்தில்தான் நீ மூச்சை எடுப்பாயாம், அதை நினைத்துத்தான் அந்தப் பதிலை அவன் நீளமாக எழுதினானாம். அதை எடுத்துவிட்டால் உனக்கு நடுவிலேயே மூச்சு இழுக்கும் என்றான். "டெல் ஹிம் டேக் ஹிஸ் இன்ஹேலர்" என்றான். மூச்சுக்கு அடிக்கிற அந்த மருந்தை எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறான். இத்தனை வருடம் உன் நெஞ்சை நான் ஒருத்திதான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நினைத்திருந்தேன். அழுகை வந்துவிட்டது எனக்கு. அவன் முன்னாலேயே அழுதேன்.

மீன் குழம்பு வைத்திருந்தேன். சாப்பிட உட்கார்ந்தான், பாதிக்குமேல் இறங்கவில்லை. கிளம்பும்போது, "நான் வந்ததை அவனிடம் சொல்லாதீர்கள், ஆண்ட்டி, அங்கே அவன் அதை நினைத்துக்கொண்டு பாட வேண்டாம்" என்றான். முடியாது, நான் சொல்லத்தான் போகிறேன் என்றேன். அப்போதுதான் பிரிட்ஜ் மேல் டேப் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். இதையும் அவனுக்கு அனுப்பட்டுமா என்று கேட்டேன். "இட்ஸ் யுவர் டேப்" என்று சொல்லித் தொப்பியைப் போட்டுக்கொண்டான். அவன் போகிற வழியில் அப்பா காரைத் துடைத்துக்கொண்டு நின்றார். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று தெரியாது. உள்ளே வந்தவர், நானே அந்தக் கம்பெனிக்குப் போன் பண்ணி ரெண்டு பேர் என்று சொல்லிவிடுகிறேன் என்றார். "ஒங்க வாயால பேசினது போதும்" என்றேன். அது நீ பேச வேண்டிய பேச்சு. அப்பா பேசிக் கெட்டதை அப்பாவே பேசி நேராக்கினால் நீ அதே படியிலேயே உட்கார்ந்திருப்பாய்.

நீ பாட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திரும்பி வந்து டிகிரியை முடி என்றும் இந்தக் கடிதத்தில் சொல்லவில்லை. அதற்குத் தனிக் கடிதம் உண்டு. உனக்கு உண்மையிலேயே தனியாகத்தான் பாட வேண்டும் என்றால், அவனைக் கூப்பிட்டு, நீ இல்லாமல் பாடப் போகிறேன் என்று உன் வாயால் அவன் காதில் சொல். தன் பாதியை எடுத்துக்கொள்ள அவனுக்கு உரிமை உண்டு, வேண்டாம் என்று விட்டுக்கொடுக்கவும் உரிமை உண்டு. சித்தியைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லி அவன் வாயை அடைக்க உனக்கு உரிமை இல்லை. எனக்கு வேண்டியது இவ்வளவுதான்.

பெரியம்மாவுக்கு இந்த வாரம் கேசட் கிடையாது. அதை இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். எக்ஸ்பிரஸ் மெயிலில் போடப் போகிறேன், நாளைக்குக் கிடைத்துவிடும். சித்தியும் சித்தப்பாவும் வேலைக்குப் போன பிறகு, கதவைச் சாத்திவிட்டு, ஹெட்போன் இல்லாமல் போட்டுக் கேள். முதலில் நான் மெழுகுதிரி தேடுகிற சத்தம், மணி அடிக்கிற சத்தம் எல்லாம் வரும். அப்புறம் ஒன்றுமே கேட்காது. கேசட் கெட்டுவிட்டது என்று நினைத்து நிறுத்திவிடாதே, அது உன்னுடைய இடம். அந்த இடம் வரும்போது உன் வாய் சும்மா இருந்தால், வெள்ளிக்கிழமை நீ தனியாகவே போய்ப் பாடு, அதற்கப்புறம் நான் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டேன். சும்மா இருக்கவில்லை என்றால் உன் பாதியைச் சொல். அவன் பாதி வரும்போது மூச்சு வாங்கிக்கொள். பத்து மணியும் முடிந்ததும் போனை எடு.

அம்மா